அறச்சினமும் அதன் எல்லையும்: தெனேரிஸின் வீழ்ச்சி பற்றிய ஒரு நோக்கு

அவல நாடகத்துக்குரிய தலைவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவை முறைப்பட ஆராய்ந்த முன்னோடி கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்ரோட்டில் ஆவர். முற்றிலும் நல்லவன் ஒருவன் வீழ்ச்சியுறுவதைக் காண்போர் உள்ளத்தில் அருவருப்பே எழும். முற்றிலும் தீயவன் ஒருவன் வீழ்ச்சியுறுவதைக் காண்போர் மகிழ்வரேயன்றி இரங்கார். ஆதலின், இவ்விரு நிலைகட்கும் இடைப்பட்டவனாய், தன்பால் நேர்ந்த ஒரு பிழை காரணமாக உயர்நிலையினின்றும் வீழ்பவனே அவல நாடகத் தலைவனாதற்கு உரியன் என்பது அவர்தம் துணிபு.

இக்கொள்கை அரங்க நாடகத்தை நோக்கி வகுக்கப்பட்டதாயினும், பிற்காலத்தெழுந்த கலைவடிவங்கள் பலவற்றையும் அளத்தற்குரிய கோலாக நின்று பயன்பட்டு வருகின்றது. அவ்வடிவங்களுள் புதியவற்றுள் ஒன்று தொலைக்காட்சித் தொடர். நாடகம் இரண்டு மூன்று மணி நேரத்துள் நிறைவுறுவது. தொடரோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. இதனால், கதைத் தலைவரோடு பார்வையாளர் கொள்ளும் உறவும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து முதிர்கின்றது. தலைவர் வீழும்போது அவ்வுறவும் உடன் தாக்குண்ணுகின்றது. தொடர்க்கதை அரங்க நாடகத்தினின்றும் வேறுபடும் இடங்களுள் இது தலையாயது.

ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1996ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கிய நாவல் வரிசையைத் தழுவி, டேவிட் பெனியோஃப், டி. பி. வைஸ் ஆகிய இருவரும் ஆக்கியளித்த 'கேம் ஒவ் த்ரோன்ஸ்' என்னும் தொடர், எச்.பீ.ஓ. தொலைக்காட்சியில் 2011 ஏப்ரல் முதல் 2019 மே வரை எட்டுப் பருவங்களாக, 73 பகுதிகளில் ஒளிபரப்பாயிற்று. வெஸ்ரெரோஸ் என்னும் கற்பனை நாட்டின் இரும்பு அரியணைக்காகப் பல குடிகள் பொருதுவதே அதன் கதை. அதன் தலைமக்களுள் ஒருத்தி தெனேரிஸ் தார்கேரியன். அரியணையிழந்த அரசனின் மகளாய்ப் பிறந்து, கடல் கடந்த நாட்டில் ஏதிலியாய் வளர்ந்து, அடிமைகளின் விலங்கை உடைத்தவள் எனப் போற்றப்பெற்றவள் அவள். அத்தகையவள், 2019 மே 12ஆம் நாள் ஒளிபரப்பாகிய பகுதியில், கிங்ஸ் லாண்டிங் என்னும் தலைநகர் சரணடைந்து மணியொலி எழுப்பிய பின்னரும், டிராகன் எனப்படும் தன் பறவைநாகத்தின் தீயால் அந்நகரையும் அதன் குடிமக்களையும் எரித்தழித்தாள்.

அப்பகுதி பார்வையாளரிடையே பெரும் பூசலை விளைத்தது. இறுதிப் பருவத்தைத் திருத்தி மீண்டும் ஆக்குதல் வேண்டும் என்னும் முறையீட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். தம் பெண்மக்களுக்கு அவளது பட்டப்பெயரான 'கலீசி' என்பதையே பெயராக இட்ட பெற்றோரும் உளராதலின், அச்சினம் வியப்புக்குரியதன்று. ஒரு சாரார் அவளுடைய பாத்திரம் காரணமின்றிச் சிதைக்கப்பட்டது என்றனர். மற்றொரு சாரார் அவள் தொடக்கந்தொட்டே கொடியவள், அதனைக் காணாதது பார்வையாளரின் குருட்டுத்தன்மை என்றனர். இவ்விரு கூற்றுக்களும் உண்மையின் ஒவ்வொரு பாதியையே பற்றி நிற்கின்றன. தெனேரிஸின் இரக்கமும் மெய். அவள் கொடுமையும் மெய். அவை இரண்டும் ஒரே வேரினின்றும் கிளைத்தவை என்பதே அவள் கதையின் உட்பொருள்.

அறமயக்கம் என்பதனை ஈண்டு முதற்கண் தெளிந்துகொள்ளல் நன்று. நன்மைக்கும் தீமைக்கும் வேறுபாடே இல்லை என்பது அச்சொல்லின் பொருளாகாது. வேறுபாடு உண்டு; ஆயினும் ஒரு செயலினுள் அவை இரண்டும் பின்னிக் கிடத்தலால் அதனை ஒரு சொல்லால் தீர்ப்பளித்தல் அரிதாகின்றது என்பதே பொருள். இத்தொடர் அவ்வகை மயக்கத்தைத் தொடக்கத்திலேயே நிறுவுகின்றது. எடாட் ஸ்ராக் என்னும் பெருமகன், அரசி சேர்சியின் பிள்ளைகள் அரசனுக்குப் பிறந்தவர்கள் அல்லர் என்னும் மறைபொருளை அறிந்தபின், அப்பிள்ளைகள் கொலையுண்ணலாகாது என்று இரங்கி, அவர்களோடு தப்பிச் செல்லுமாறு அவளையே எச்சரிக்கின்றான். அவ்விரக்கமே அவன் தலை கொய்யப்படுதற்கு வழியாகின்றது. ஜேமி லனிஸ்ரர் என்பானோ, தான் காக்கக் கடமைப்பட்ட அரசனைப் பின்னிருந்து குத்தியவன் என நாடு முழுதும் இகழப்படுகின்றான். ஆயினும் அவ்வரசன் தலைநகரையே எரித்தழிக்க ஆணையிட்டிருந்தான் என்பதும், அதனைத் தடுக்கவே அக்கொலை நிகழ்ந்தது என்பதும் மூன்றாம் பருவத்தில் வெளிப்படுகின்றன. அவ்வாறு கொல்லப்பட்ட அரசன் ஏரிஸ், தெனேரிஸின் தந்தை.

இனித் தெனேரிஸின் தொடக்கத்தை நோக்குதல் வேண்டும். அவள் தமையன் விசெரிஸ், ஒரு படையைப் பெறும் பொருட்டு, அவளைக் குதிரைவீரர் தலைவன் துரோகோவுக்கு மணம் செய்து கொடுக்கின்றான். விற்கப்பட்ட பெண்ணாகத் தன் வாழ்வைத் தொடங்கியவள் ஆதலின், விற்கப்படுவோர் துயர் அவளுக்குக் கேள்வியறிவன்று, பட்டறிவு. அவள் இரக்கத்தின் மெய்ம்மைக்கு இதுவே சான்று. துரோகோவின் படை ஓர் ஊரைச் சூறையாடியபோது, வன்முறைக்கு ஆளான பெண்களை அவள் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்கின்றாள். அவ்வாறு காக்கப்பட்டோருள் ஒருத்தி மருத்துவம் அறிந்த மிரி மாஸ் தூர். அவளோ துரோகோவின் புண்ணுக்கு மருந்திடுவாள் போன்று அவனை நடைப்பிணமாக்கிவிடுகின்றாள். தான் காத்தவளே கேடு செய்தாளே என்று தெனேரிஸ் வெகுளும்போது, தன் கோவில் எரிக்கப்பட்டுத் தன் மக்கள் கொலையுண்டு தானும் கெடுக்கப்பட்ட பின்னரே அக்காவல் வந்தது என்பதை அவள் நினைவூட்டுகின்றாள்.

இவ்விடம் பெரிதும் சிந்தித்தற்குரியது. அவ்வூர் சூறையாடப்பட்டதும் எதன் பொருட்டு? சிறைப்பிடித்த மக்களை விற்று, அப்பணத்தாற் கப்பல் பெற்று, தெனேரிஸின் அரியணையை மீட்டற்பொருட்டு. அவள் காக்க முயன்ற பெண்களின் துயருக்கு அவளுடைய குறிக்கோளே ஒரு காரணமாயிற்று. மிரியின் சொற்களில் உள்ள இவ்வுண்மையைத் தெனேரிஸ் ஏற்றாளில்லை. கணவனின் ஈமத்தீயில் அவளை உயிரோடு எரித்தாள். அத்தீயினின்றும் மூன்று பறவைநாகக் குஞ்சுகள் தோன்றின. 2011ஆம் ஆண்டின் முதற் பருவம் அவ்வற்புதத்தோடு முடிவுற்றது. பார்வையாளர் நினைவில் குஞ்சுகளே நின்றன. எரிந்த பெண்ணின் கூக்குரல் நிற்கவில்லை. தன்னைக் குற்றஞ்சாட்டிய குரலை எரித்து ஆற்றல் பெறுதல் என்னும் அவள் கதையின் அமைப்பு அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

ஆயினும் அவளைக் கொடியவள் என்று அப்போதே முடிவு கட்டுதல் தவறாகும். 2013ஆம் ஆண்டின் மூன்றாம் பருவத்தில் அஸ்தபோர் நகரில் அவள் செய்தது அதற்குச் சான்று. 8,000 அடிமைப் படைவீரரைப் பெறுதற்கு விலையாக ஒரு பறவைநாகத்தைக் கொடுப்பதாக அவள் உடன்படுகின்றாள். படை கைக்கு வந்ததும், அடிமை வணிகனை அப்பறவைநாகத்தின் தீக்கு இரையாக்கி, ஆண்டைகளைக் கொல்லுமாறும் அடிமைகளின் விலங்கை அறுக்குமாறும் ஆணையிடுகின்றாள். அவ்வாணையினுள் ஓர் எல்லையும் அமைந்திருக்கின்றது: குழந்தை எதற்கும் தீங்கு செய்தலாகாது என்பது அவள் விதித்த வரம்பு. பின்னர் அப்படைவீரரையும் விடுவித்து, விரும்பியோர் தன்னோடு வரலாம், விரும்பாதோர் செல்லலாம் என்கின்றாள். அவளுடைய சினம் அன்று அறச்சினமாக விளங்கியதற்குக் காரணம் அவ்வரம்பே எனலாம். யாரைச் சுடுவது, யாரைச் சுடாது விடுவது என்னும் பகுத்தறிவு அச்சினத்தோடு கூடியிருந்தது.

மீரீன் நகரில் அவ்வரம்பு தேயத் தொடங்குகின்றது. அந்நகரின் ஆண்டைகள், அவள் வரும் வழி நெடுகிலும் 163 அடிமைக் குழந்தைகளை மரத்தில் அறைந்து வைத்திருந்தனர். நகரைக் கைப்பற்றியதும் அவள் 163 ஆண்டைகளை அவ்வாறே அறையுமாறு ஆணையிடுகின்றாள். முதுபெரு வீரன் பரிஸ்ரன் செல்மி இரக்கம் காட்டுமாறு வேண்டியும் அவள் செவிசாய்த்திலள். கணக்கு நேராகின்றது, ஆனால் நீதி நேராயிற்றா? ஹிஸ்டார் என்னும் இளைஞன் அவள் அவைக்கு வந்து, தன் தந்தை அக்குழந்தைகளைக் கொல்லலாகாது என வாதாடியவன் என்றும், அவனும் அந்த 163 பேருள் ஒருவனாக அறையப்பட்டான் என்றும் முறையிடுகின்றான். எண்ணிக்கையைக் கொண்டு தண்டித்தவள், ஒவ்வொருவன் குற்றத்தையும் ஆராய்ந்தாளில்லை என்பது அவ்வொரு முறையீட்டால் வெளியாகின்றது. மாண்ட தந்தையின் உடலை இறக்கி அடக்கம் செய்ய அவள் இசைவு தருகின்றாள். தன் தீர்ப்பு பிழைத்தது என்று மட்டும் கூறினாளில்லை.

மீரீனிலேயே அதற்கு மறுதலையான செயல்களும் நிகழ்கின்றன. தன் பறவைநாகங்களுள் ஒன்று மூன்று வயதுக் குழந்தையைக் கொன்றது என அறிந்ததும், அவள் எஞ்சிய இரண்டையும் தானே நிலவறையிற் கொண்டுசென்று விலங்கிடுகின்றாள். பிறர் விலங்கை அறுத்தவள் தன் பிள்ளைகளெனப் போற்றியவற்றுக்கு விலங்கு பூட்டி அழும் அக்காட்சி, ஆற்றலை அடக்கியாள்வதன் அருமையை உணர்த்தும் தொடரின் சிறந்த காட்சிகளுள் ஒன்று. 2015ஆம் ஆண்டின் ஐந்தாம் பருவத்தில், விசாரணையின்றி ஒரு கைதியைக் கொன்ற விடுதலை பெற்ற அடிமையை, சட்டம் யாவர்க்கும் பொது எனக் கூறி அவள் தண்டிக்கின்றாள். அதே பருவத்தில், பரிஸ்ரன் கொலையுண்டபின், நகரப் பெருமகன் ஒருவனை எவ்வித விசாரணையுமின்றித் தன் பறவைநாகங்களுக்கு இரையாக்குகின்றாள். சட்டத்தை நிறுவியவளும் அதனை மீறியவளும் ஒருத்தியே. அவள் உள்ளத்தில் இரு ஆற்றல்கள் பொருதிக்கொண்டிருந்தமையை இம்முரண்பாடு நன்கு புலப்படுத்துகின்றது. அப்போராட்டம் நிகழும் வரையில் அவள் அவலத் தலைவி. அது நின்றுபோன அன்றே அவள் கொடுங்கோலி.

இத்துணைக் குறிப்புக்கள் இருந்தும் பார்வையாளர் பலர் அவள் வீழ்ச்சியை எதிர்பாராதது ஏன்? தொடரின் காட்சியமைப்பே அதற்குக் காரணமாகும். அவளால் எரியுண்டோர் யாவரும் முன்னரே வெறுக்கத்தக்கவராகத் தீட்டப்பட்டிருந்தனர். அஸ்தபோரின் வணிகன் இழிசொல் பேசுபவன். குதிரைவீரர் தலைவர்கள் பெண்களைப் பழிப்பவர்கள். அவர்கள் எரியும்போது கமரா அவள் முகத்தை நோக்கி உயர்கின்றது. பின்னணி இசை வெற்றிமுழக்கம் செய்கின்றது. பார்வையாளர் அவளோடு பறவைநாகத்தின் முதுகில் இருந்து உலகைக் காண்கின்றனர். மேலிருந்து காண்பார்க்குக் கீழே எரிவோர் முகம் தெரிவதில்லை.

2017ஆம் ஆண்டின் ஏழாம் பருவத்திலே இப்பார்வை திசைமாறுகின்றது. வண்டித்தொடர் ஒன்றின்மீது அவள் தாக்குதல் நடத்தும் போர்க்களத்தில், கமரா பெரும்பாலும் நிலத்தில் நிற்கும் ஜேமியோடும் அவன் வீரரோடும் நிற்கின்றது. எரிந்து சாம்பலாகும் மனிதரைப் பார்வையாளர் முதன்முறையாக அருகில் நின்று காண்கின்றனர். அப்போர் முடிந்தபின், அடிபணிய மறுத்த ராண்டில் தார்லியையும் அவன் மைந்தனையும் அவள் எரிக்கின்றாள். அவர்கள் பகைவரேயன்றி அடிமை வணிகர் அல்லர். அவள் அமைச்சன் ரிரியன் சிறையிலிடுமாறு வேண்டியும் பயனில்லை. தண்டனைக்குரிய குற்றம் கொடுமை என்பதிலிருந்து பணியாமை என்பதற்கு மாறிவிட்டது. இம்மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்ததாயினும், தலைநகரின் அழிவுக்கு வாயில் திறந்தது இதுவே.

ஒரு நகரை ஒரு பெண் எரித்த கதையைத் தமிழ் மாணவர் நன்கறிவர். சிலப்பதிகாரத்தின் கண்ணகியும் இழைக்கப்பட்ட அநீதியின் பொருட்டு மதுரையைத் தீக்கிரையாக்கினாள். இருவர் செயலும் ஒன்றுபோலத் தோன்றுமிடத்துத்தான் வேற்றுமையும் விளங்கும். கண்ணகி முதலில் அரசன் அவைக்களம் சென்று வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அரசனும் தன் பிழையுணர்ந்து அரியணையிலேயே உயிர்நீத்தான். அதன்பின் எழுந்த தீயையும், அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் என்னும் இவர்களை நீக்கிக் கொடியோரை மட்டுமே பற்றுமாறு ஏவினாள். ஒரு நகரின் பெருந்தீ அவ்வாறு ஆளறிந்து சுடுமா என இக்காலத்தார் வினவலாம். அவ்வினா தகுதியுடையதே. ஆயினும், சினத்தின் உச்சியிலும் விலக்குரிமை பெற்றோர் பெயரை அவள் வாய் கூறிற்று என்பதை இளங்கோவடிகள் மறவாது பதிந்துள்ளார். அஸ்தபோரில் தெனேரிஸும் அத்தகைய விலக்கொன்றைக் கூறினாள். கிங்ஸ் லாண்டிங்கில் அவள் எவ்விலக்கும் கூறவில்லை. இரு நகரங்களுக்கும் இடையே அவள் இழந்தது அறிவன்று, அவ்வரம்பு.

ஈழத்தின் கீழ்ப்பகுதியில் கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசி மாதந்தோறும் நிகழும் குளிர்த்திச் சடங்கும் இங்கு நினைவுகூரத்தக்கது. மதுரையை எரித்த அம்மனின் வெம்மையைத் தணித்துக் குளிர்விப்பதே அச்சடங்கின் நோக்கம். அறச்சினத்தைத் தெய்வமாகப் போற்றிய மக்களே, அச்சினம் தணிவிக்கப்பட வேண்டியது என்பதையும் உணர்ந்திருந்தனர். வழிபடுவோரின் கடமை புகழ்வதோடு முடிந்துவிடவில்லை. தெனேரிஸைப் புகழ்ந்தோர் பலர். தணிவித்தோர் மிகச் சிலர். அச்சிலரும் ஒருவர்பின் ஒருவராக அவளை விட்டு நீங்கினர். தந்தையின் கொடுமையை அவளுக்கு எடுத்துரைத்த பரிஸ்ரன் மீரீன் தெருவிற் கொலையுண்டான். அவள்பாற் பேரன்பு பூண்ட ஜோரா மோர்மொண்ட் அவளைக் காத்துப் பொருது மடிந்தான். அடிமைத்தளையினின்றும் அவள் மீட்ட தோழி மிசாண்டெய் அவள் கண்ணெதிரே தலை துணிக்கப்பட்டாள். எஞ்சிய ரிரியனின் அறிவுரைகள் பலமுறை பொய்த்தமையால் அவள் அவன்மீது நம்பிக்கை இழந்தாள். காதலன் ஜோன் ஸ்னோவோ, அவளைவிட அரியணைக்கு மிக்க உரிமையுடையவன் எனத் தெரியவந்தமையால் காதலும் ஐயமாயிற்று. தணிவிப்பார் இல்லாத சினம் தன் வழியே சென்றது.

இவ்வாறு நோக்கின் அவள் வீழ்ச்சி காரணமற்றதன்று என்பது பெறப்படும். ஆயின் தொடர் குறையற்றதோ எனின், அன்று. அதன்கண் இரு பெருங்குறைகள் உள. முதலாவது விரைவு. முதல் ஆறு பருவங்களும் பப்பத்துப் பகுதிகளாக அமைந்தன. ஏழாவது ஏழு பகுதிகளும் எட்டாவது ஆறு பகுதிகளும் மட்டுமே உடையன. மூலநூல் வரிசையோ 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் நூலோடு நின்றிருந்தது. கதையின் முடிவைத் தொடராசிரியர்கள் தாமே நெய்தல் வேண்டியதாயிற்று. ஆறு பருவங்களில் விதைத்ததை இரண்டு குறும்பருவங்களில் அறுவடை செய்ய முற்பட்டமையால், மேற்கூறிய இழப்புக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்கின்றன. ஒவ்வோரிழப்பும் அவள் உள்ளத்தில் செய்த வேலையைக் காண்பதற்குப் பார்வையாளருக்குப் பொழுது தரப்படவில்லை. மக்பெத்தின் உள்ளத்தைச் சேக்ஸ்பியர் தனிமொழிகளால் திறந்து காட்டினார். தெனேரிஸின் உள்ளமோ மணியொலி கேட்கும் சில நொடிகளில், நடிகை எமிலியா கிளாக்கின் முகத்தில் மட்டும் காட்டப்படுகின்றது. அம்முகம் செய்யக்கூடியதனைத்தையும் செய்தது. ஆயினும் பல பகுதிகளின் வேலையை ஒரு முகம் செய்தல் அரிது.

இரண்டாவது குறை, குருதிவழிப் பித்து என்னும் எளிய விளக்கம். தார்கேரியன் குடியிற் பிறப்போர்க்குப் பெருமையும் பித்தும் நாணயத்தின் இரு பக்கம்போல ஊழால் அமைகின்றன என்னும் பழமொழி தொடரில் எடுத்தாளப்படுகின்றது. தந்தை பித்தன், ஆதலின் மகளும் பித்தி எனின், அங்கு அவலத்துக்கு இடமில்லை, நோய்க்கே இடமுண்டு. நோயால் வீழ்பவர்பால் பரிவு கொள்ளலாம். அவரிடமிருந்து தன்னைப்பற்றி எதனையும் கற்றுக்கொள்ளல் இயலாது. நல்ல வேளையாக, தொடரின் இறுதிப் பகுதி அவ்விளக்கத்தோடு அமையவில்லை. சிறையிலிருக்கும் ரிரியன் ஜோனிடம், அவள் சென்றவிடமெல்லாம் தீயோர் மாண்டனர் என்றும், அப்போதெல்லாம் தாங்கள் அவளைப் புகழ்ந்தார்களென்றும், அதனால் தான் நல்லவள், தான் செய்வது நன்று என்னும் உறுதி அவளுக்கு வளர்ந்தது என்றும் கூறுகின்றான். பித்து என்னும் விளக்கத்தைவிட இவ்விளக்கம் பன்மடங்கு ஆழமானது. ஆயினும் காட்சியாக விரிந்திருக்க வேண்டிய இவ்வுண்மை, செயல் முடிந்தபின் ஓர் உரையாக வருதல் கலைக்குறையே.

அவல நாடகத்தில் வீழ்ச்சிக்குப்பின் மெய்யுணர்தல் என்னும் உறுப்பு வருதலை அரிஸ்ரோட்டில் சிறப்பித்துக் கூறுவர். பாண்டியன் தானோ கள்வன் என உணர்ந்து மாண்டான். மக்பெத் தன் வாழ்வு பொருளற்றதாயிற்று என உணர்ந்தே போர்க்களம் புகுந்தான். தெனேரிஸ் எதனையும் உணர்ந்தாளில்லை. சாம்பல் படிந்த அரியணை மண்டபத்தில் நின்று, நல்லுலகம் எது என்பதைத் தான் அறிவதாகவும், பிறர்க்கு அதனைத் தெரிவு செய்யும் உரிமை இல்லையென்றும் அவள் ஜோனிடம் மகிழ்ச்சியோடு கூறுகின்றாள். அந்நிலையிலேயே அவன் கத்தி அவள் நெஞ்சிற் பாய்கின்றது. மெய்யுணர்தல் அவளுக்கு வாய்க்கவில்லை. இதனைக் குறையென்பாரும் உளர். எனினும், எட்டு ஆண்டுகள் அவள் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடியோர் தொலைக்காட்சிக்கு இப்பால் இருந்தனர். எரியும் தெருக்களில் கமரா மீண்டும் நிலத்துக்கு இறங்கி, ஒரு தாயும் மகளும் ஒருவரையொருவர் பற்றியவாறு கரிந்து கிடப்பதைக் காட்டுகின்றது. தீ தொடங்கியபின் தெனேரிஸின் முகம் அண்மையிற் காட்டப்படவேயில்லை. தலைவிக்கு மறுக்கப்பட்ட மெய்யுணர்தல் பார்வையாளருக்கு வைக்கப்பட்டிருந்தது. முறையீட்டில் வெளிப்பட்ட சினத்துள், விரைவைக் குறித்த நியாயமான குறையோடு, அவ்வுணர்தலைப் பெற விரும்பாமையும் ஓரளவு கலந்திருந்தது எனல் மிகையாகாது.

ஜோனின் செயலும் மயக்கம் நீங்கியதன்று. அவன் ஒரு நகரழிவைத் தண்டித்தானா, வரவிருந்த பல நகரழிவுகளைத் தடுத்தானா, தன்னை நம்பி அணைத்தவளை வஞ்சித்தானா? மூன்றும் உண்மை. தந்தையைக் கொன்ற ஜேமியைப்போல மகளைக் கொன்ற ஜோனும் நாட்டைக் காத்துப் பழி சுமக்கின்றான், வடபுலத்துக்கு நாடுகடத்தப்படுகின்றான். அவனுக்கு வெற்றிமுழக்கம் செய்யும் இசை எதுவும் எழவில்லை. தாயாக வளர்த்தவளை இழந்த பறவைநாகம் கொன்றவனைச் சுடாது, அவள் விரும்பிய இரும்பு அரியணையை உருக்கிவிட்டு அவள் உடலைச் சுமந்து செல்கின்றது. சொல்லறியா விலங்கு எதனை அறிந்து அவ்வாறு செய்தது எனத் தொடர் விளக்காது விட்டமை நன்றேயாகும்.

தொடரின் முடிவைப்பற்றிய பூசல் இன்னும் நெடுநாள் நிகழலாம். கட்டுக்கோப்பில் அது பழுதுடையது என்பதை அதன் அன்பரும் மறுக்கவியலாது. ஆயினும், தீயோர்மீது செலுத்தப்படும் வன்முறை எதுவும் கேள்விக்குரியதன்று என்னும் எண்ணம் கதையுலகில் மட்டுமன்றி மனிதர் உள்ளத்திலும் எளிதில் வேரூன்றுவது. 163 ஆண்டைகள் மரத்தில் அறையப்பட்டபோது எழ வேண்டிய வினா அன்று எழவில்லை. ஹிஸ்டாரின் தந்தை குற்றவாளியா என்று அன்றே கேட்டிருப்பின், தலைநகரின் குழந்தைகள் என்ன குற்றம் செய்தார்கள் என்று பின்னர்க் கேட்கவேண்டி நேர்ந்திராது. தெனேரிஸின் கதை கற்பிப்பது, நல்லோரையும் நம்பலாகாது என்பதன்று. அநீதி கண்டு சினவாதவர் அடிமைகளின் விலங்கை அறுக்கமாட்டார். ஆதலின் அச்சினம் வேண்டற்பாலதே. அதனோடு வரம்பும், வரம்பை நினைவூட்டுவாரும், அந்நினைவூட்டலைக் கேட்கும் செவியும் வேண்டும். இம்மூன்றும் நீங்கிய அன்று அவளிடம் எஞ்சியது தீயொன்றே.